டோக்கன் அக்காவின் ஆறடித் தொட்டி

பல் டாக்டர் கிளினிக்கை மூடப்போவதாகச் சொன்ன அன்று டோக்கன் அக்கா அழவில்லை. "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். குரல்கூட மாறவில்லை.

இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுத்ததால் வந்த பேர் அது. அப்பா அம்மா வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அவள் எண்ணைக் கூப்பிட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். டீக்கடைக்கு நழுவிப் போன ஆள் அங்கிருந்தே "இதோ வந்துட்டேன்க்கா" என்று கத்திக்கொண்டு ஓடி வருவார். பல் வலியைவிட அவள் முறைப்புக்குத்தான் ஜனம் அதிகம் பயந்தது.

காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பல் பிடுங்க வரும் குழந்தைகள் அழாமல் இருக்கட்டும் என்று டாக்டர் வாங்கி வைத்தது. வாங்கி வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தண்ணீர் மாற்றுவது, பாசியைச் சுரண்டுவது, ஃபில்டர் பஞ்சைப் பிழிவது, தீனி போடுவது எல்லாம் அக்கா தலையில் விழுந்தது. முதலில் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தாள். அப்புறம் எப்போது முணுமுணுப்பு நின்றது என்று அவளுக்கே தெரியாது. உள்ளே நாலைந்து தங்கமீன்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கறுப்பு மீன் ஒன்று. தங்கமீன்களில் ஒன்று ரொம்பப் பழையது, சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு இருக்கும். நிறமெல்லாம் வெளுத்துப்போய், அவசரமே இல்லாமல் நீந்தும். அதற்கு அவள் வைத்த பேர் 'பெரியவர்'.

கடைசி வாரத்தில் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"உனக்கு ஞாபகார்த்தமா ஏதாவது குடுக்கணும்மா. என்ன வேணும்னு கேளு. சுவர்க்கடிகாரம், சோபா, எது வேணாலும் எடுத்துக்கோ."

"தொட்டிய எடுத்துக்கறேன் டாக்டர்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அத எப்படிம்மா கொண்டுபோவ? அது உன் வீட்டு வாசல்லயே நுழையாது. ஒடச்சுப் போடத்தான் ஆள் சொல்லியிருக்கேன். மீன யாராவது கடைக்காரர் எடுத்துப்பார்."

"ஒடைக்க வர்ற ஆள வரவேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் அக்கா. அவள் குரல் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது.

வீட்டில் அவள் கணவர் தையல்காரர். வீட்டு ஹாலிலேயே துணி வெட்டும் மேசை, மிஷின், பட்டன் டப்பாக்கள் எல்லாம். பேச்சு குறைவான மனிதர். ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லமாட்டார், அளவெடுப்பார். அவள் விஷயத்தைச் சொன்னதும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். முதல் மாடிக்கு ஏறும் படி பாதியில் ஒரு திருப்பம் திரும்பும். அங்கே நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை என்று அளந்தார். மறுநாள் கிளினிக்குக்கே வந்து, சட்டைக்கு அளவெடுப்பது போலத் தொட்டியைச் சுற்றி அளந்தார்.

"ஒரு சாண் இடிக்குது" என்றார்.

"ஒரு சாண்தானே? கொஞ்சம் சாய்ச்சா போயிடும்."

"கண்ணாடிய எப்படிச் சாய்ப்ப? அது என்ன துணியா, மடிச்சுத் தைக்க?"

டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். அவள் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே நேராகக் கீழ்வீட்டுக்குப் போனாள். அங்கேதான் அவர்களுக்கு மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் இருந்தார். காண்ட்ராக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் கட்டடத்தைத் தானே நின்று கட்டியவர் என்பதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லாமல் விடமாட்டார்.

"தண்ணியோட சேத்து ஒரு டன் பக்கம் வருமேம்மா!" என்று அவர் பதறினார். "மேல இருந்து நேரா எங்க சாப்பாட்டு மேசையிலதான் வந்து விழும். வேணவே வேணாம்."

"நம்ம கட்டடம் அவ்வளவு வீக்கா சார்?" என்று அக்கா அப்பாவியாகக் கேட்டாள்.

"யாரு சொன்னா வீக்குன்னு? ஒவ்வொரு கல்லையும் பக்கத்துல நின்னு வச்சவன் நானு."

"அப்ப எந்த எடத்துல வச்சா தாங்கும்? அத மட்டும் சொல்லுங்க."

அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார். "இதோ, இந்தத் தெற்குச் சுவர். கீழயும் சுவரு, மேலயும் சுவரு. இத ஒட்டி நீளவாக்குல வச்சா யானையே வந்து நின்னாலும் ஒண்ணும் ஆகாது." சொல்லி முடித்ததும்தான் மாட்டிக்கொண்டது புரிந்தது. "ஆனா நான் வைக்கச் சொல்லல!"

"நீங்க எங்க சார் சொன்னீங்க? தாங்கும்னுதான் சொன்னீங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு அவள் மாடியேறினாள்.

அடுத்த தொல்லை மாடியில் காத்திருந்தது. ஹாலின் தெற்குச் சுவரை ஒட்டித்தான் கணவரின் வெட்டு மேசை இருந்தது. பக்கத்தில் ஜன்னல், நல்ல வெளிச்சம். மேசையை நகர்த்தவேண்டும் என்றதும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். டேப்பைக்கூடத் தொடவில்லை. கோபம் எவ்வளவு என்பதை அதிலேயே அவள் தெரிந்துகொண்டாள்.

"ஏங்க, படுக்கையறை ஜன்னல்ல இதவிட வெளிச்சம் வருது. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வருது. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன். மேசை அங்க போகட்டும். கட்டில் ஹாலுக்கு வரட்டும்."

"ஹால்ல படுக்கறதா? யாராவது வந்தா?"

"வந்தா கட்டில்ல உக்காரட்டும். சோபான்னு நெனச்சுக்குவாங்க."

அவர் கத்தரிக்கோலை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். ஆனால் மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது மேசை படுக்கையறையில் இருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார். "இங்க வெளிச்சம் பரவாயில்ல" என்றார், திரும்பாமலே.

இரும்பு ஸ்டாண்ட் செய்ய அவள் தன் கொழுந்தனைப் பிடித்தாள். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அண்ணனுக்கும் சேர்த்துப் பேசுகிற வாய். "அண்ணி, மனுசங்க பூனை வளப்பாங்க, நாய் வளப்பாங்க. நீங்க கொளத்தையே வளக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே கனமான ஸ்டாண்ட் ஒன்றைச் செய்து கொடுத்தான். கூடவே ஒரு யோசனையும் சொன்னான். பால்கனி கிரில்லைக் கழற்றிவிட்டால், கயிறு கட்டி வெளிப்பக்கமாகவே ஏற்றிவிடலாம். ஆனால் கிரில் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். கிரில்மேல் கை வைக்கக் கூடாது, பேச்சே கிடையாது.

"படி இருக்கே" என்றாள் அக்கா. ஒரு சாண்தானே என்ற எண்ணம் அவளை விடவில்லை.

கொண்டுவரும் நாளில் காலையிலேயே தொட்டியைக் காலி செய்தாள். மீன்களைப் பழைய தண்ணீரோடு மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் விட்டாள். காற்று மோட்டாரை ஒரு பேட்டரியில் மாட்டினாள். ஃபில்டர் பஞ்சைக் காயவிடாமல் வாளித் தண்ணீரில் போட்டாள். காய்ந்தால் அதில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, மறுபடி தண்ணீர் தெளிய மாசக்கணக்காகும். வேனில் பழைய மெத்தையை விரித்து அதன்மேல் தொட்டியைக் கிடத்தினார்கள். அவளும் பின்னாலேயே ஏறி, டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் டிரம்முக்குள் பெரியவர் திமிறுவது அவள் முழங்கையில் தெரிந்தது.

மூட்டை தூக்கும் ஆட்கள் ஆறு பேர். அவர்கள் தலைவர் படியைப் பார்த்துவிட்டு, "பீரோவே ஏத்தியிருக்கோம், இது என்னம்மா" என்றார். ஏற்றவும் செய்தார்கள். திருப்பம் வரை.

திருப்பத்தில் கணவர் சொன்ன அதே ஒரு சாண் இடித்தது. தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவள் மேற்படியில் நின்று கூவிக்கொண்டிருந்தாள். கீழே நின்றவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. தொட்டி விழவில்லை. ஆனால் ஒரு மூலை படியின் விளிம்பில் டொக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டு எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"இறக்கு" என்றார் தலைவர். "அம்மா, இது ஆகாது. கண்ணாடி போனா போகட்டும், என் ஆளு கை போயிடும்."

அவர் சொன்னது நியாயம். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் தொட்டியை வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். கண்ணாடி உடையவில்லை. ஆனால் இடிபட்ட மூலையில் சிலிக்கான் பசை பிளந்து, தண்ணீர் மெல்ல வழிந்தது. அவள் செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க அவள் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அந்தத் தெருவில் யாருமே பார்த்திராத அதிசயம் அது.

கணவர் இறங்கி வந்தார். 'நான்தான் சொன்னேனே' என்று அவர் சொல்லியிருந்தால் அவள் ஒரு சண்டை பிடித்து மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவர் அதைச் சொல்லவில்லை. குனிந்து அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"தையல்தான் விட்டிருக்கு. துணி கிழியல" என்றார். "பழசப் பூரா பிரிச்சிட்டுப் புதுசா போடணும். ஒரு மூலைய மட்டும் ஒட்டினா நிக்காது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கை நடுங்காது."

மறுநாள் இருவரும் தொட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பிளேடால் உள்பக்கத்துப் பழைய பசையை இழை இழையாகச் சுரண்டி எடுத்தார்கள். கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் எந்தச் சிலிக்கான் மீனுக்கு ஆகும், எது ஆகாது என்று கேட்டு வாங்கி வந்தது அவள். துப்பாக்கி மாதிரி இருந்த குழாயை அழுத்தி, ஒரே சீராக இழுத்தது அவர். முதல் மூலை கொஞ்சம் கோணியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மிச்சமெல்லாம் கழுத்துப்பட்டித் தையல் போல நேராக வந்தது. காய ஒரு வாரம் விட வேண்டும் என்றார் கடைக்காரர்.

அந்த ஒரு வாரம் மீன் டிரம் மாடிக் குளியலறையில் இருந்தது. கணவர் ஒற்றைக் காலில் நின்று குளித்தார். கீழே வீட்டுக்காரரின் கார் வெளியே வரமுடியாமல் தொட்டிக்குப் பின்னால் சிறைப்பட்டுக் கிடந்தது. அவர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து தொட்டியை முறைத்துவிட்டுப் போனார். "காயுது சார்" என்று அவள் ஒவ்வொரு தடவையும் பணிவாகச் சொன்னாள்.

பசை காய்ந்ததும், ஒழுகுகிறதா என்று பார்க்க அங்கேயே தண்ணீரை நிரப்பினாள். ஒரு சொட்டு கசியவில்லை. டிரம்மில் மீன்கள் நெரிசலில் சோர்ந்துபோயிருந்தன. அதனால் ஃபில்டரை மாட்டி, அவற்றையும் தொட்டியிலேயே விட்டாள். இரண்டு நாளைக்கு என்றுதான் நினைத்தாள். ஆனால் வீட்டுக்காரரின் மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூட்டு வலியால் வீட்டைவிட்டு வெளியே வராத மனுஷி. காலை டீயோடு வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை. பெரியவர் திரும்பும் பக்கமெல்லாம் அவர் தலையும் திரும்பியது.

மூன்றாம் நாள் அந்த அம்மாளே பேச்சை எடுத்தார். "இது இங்கயே இருக்கட்டுமேம்மா. காரை வெளிய நிறுத்திக்கட்டும், என்ன இப்ப? நீ எறங்கி வந்து பாத்துக்கோ. கரன்ட் நாங்க குடுக்கறோம்."

பக்கத்தில் நின்ற அக்காவின் கணவரும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் முகத்திலும் நிம்மதி படர்ந்ததை அக்கா கவனித்தாள். "நல்ல யோசனைதானே அண்ணி" என்று கொழுந்தன் மெல்ல ஆரம்பித்தான்.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. படி வேண்டாம், கயிறு வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

"இல்லக்கா" என்றாள். "இங்க இருந்தா இது உங்க தொட்டி. நான் பாத்துக்க வர்றவளா ஆயிடுவேன். இத்தன வருஷமும் அடுத்தவங்க எடத்துல இருந்த தொட்டியத்தான் பாத்துக்கிட்டேன். இது என் வீட்டுல இருக்கணும். நீங்க எப்ப வேணா மேல வாங்க. நாற்காலிய நானே தூக்கிட்டு வர்றேன்."

அந்த அம்மாள் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டினார். வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர், கார் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் இழுக்க, கடைசியில் கத்தினார்: "அந்தக் கிரில்லக் கழட்டித் தொலைங்கப்பா! ஆனா மறுபடி அதே மாதிரி மாட்டிக் குடுக்கணும்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் பட்டறை ஆட்களோடு வந்தான். மொட்டைமாடியில் தண்ணீர் டாங்க் தூண்களோடு ஒரு இரும்பு உத்தரத்தைச் சேர்த்துக் கட்டி, அதன் முனையைப் பால்கனிக்கு மேலே வெளியே நீட்டினான். பட்டறையில் இயந்திரங்களைத் தூக்கும் செயின் பிளாக்கை அதில் தொங்கவிட்டான். கிரில்லை அறுத்து எடுத்தார்கள். மீன்கள் மறுபடி டிரம்முக்குப் போயின, தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். தொட்டியைப் போர்வைகளால் சுற்றி, அடியில் பலகை கொடுத்து, அகலப் பட்டைகளால் நாலு பக்கமும் கட்டினார்கள். பட்டை மூலையை அழுத்தாதபடி கணவர் பழைய துணியை மடித்து மடித்துத் திணித்தார்.

வீட்டுக்காரர் தானாகவே வந்து, உத்தரத்தின் கட்டை இழுத்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் இன்னொரு சுத்து போடு" என்றார். போட்டார்கள்.

தொட்டி தரையைவிட்டு எழும்பியது. சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகக் கடகடவென்று இறங்க, அது அங்குலம் அங்குலமாக ஏறியது. சுழன்றுவிடாமல் இருக்க இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருந்தது. ஒரு கயிறு கணவர் கையில், இன்னொன்று அக்கா கையில். பாதி உயரத்தில் காற்று அடித்தது. தொட்டி மெல்லச் சுவர்ப்பக்கம் சாய்ந்தது.

"நிறுத்து!" என்று அவள் கத்தினாள். கிளினிக்கில் கத்திய அதே கத்தல். மொட்டைமாடியில் சங்கிலி உடனே நின்றது. "ஏங்க, நீங்க விடாம பிடிங்க. நான் இந்தப் பக்கம் நகர்றேன்." கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னாலேயே நடந்தாள். தொட்டி சுவரைவிட்டு விலகி நேரானது. "இப்ப ஏத்து. மெதுவா. மெதுவான்னா மெதுவா!"

பால்கனித் தளத்தின் விளிம்பைத் தொட்டி தாண்டியபோது அவள் உள்ளங்கை எரிந்தது. அவள் பார்க்கவில்லை. மேலே இருந்தவர்கள் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஒரு கணம் பாதித் தொட்டி வெளியேயும் பாதி வீட்டுக்குள்ளேயும் நின்றது. பிறகு முழுதாக உள்ளே போனது. அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள்.

ஸ்டாண்டின்மேல் தெர்மாகோல் விரித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டியைத் தெற்குச் சுவரை ஒட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் நூலளவு தாழ்ந்திருந்தது. "இருக்கட்டும் அண்ணி, யாருக்குத் தெரியப்போகுது" என்றான் கொழுந்தன். "தண்ணிக்குத் தெரியும்" என்றாள் அவள். மறுபடி தூக்கித் தகடு கொடுத்தார்கள். எல்லாரும் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் அவள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததைக் கணவர் பார்த்தார். வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினார்.

தண்ணீர் நிரப்பவே சாயங்காலம் ஆகிவிட்டது. மீன்களை ஒவ்வொன்றாக விட்டாள். சின்னவை உடனே ஓடித் திரிந்தன. பெரியவர் மட்டும் அடியில் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டார். துடுப்புகூட அசையவில்லை. அவள் தரையில் கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்தாள். டிரம்முக்கும் தொட்டிக்குமாக இத்தனை தடவை மாற்றியிருக்க வேண்டாமோ, கடைக்காரரிடமே கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ என்றெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. கணவர் சாப்பிடக் கூப்பிட்டார், போகவில்லை. கட்டில் பக்கத்திலேயே இருந்ததால் கடைசியில் அதில் சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்து, அவளை அறியாமல் தூங்கிவிட்டாள்.

விடிந்து கண்ணைத் திறந்தபோது பெரியவர் கண்ணாடி ஓரமாக, ஒரு வேலையும் இல்லாத மனுஷர் மாதிரி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். தீனி போட்டாள். முதலில் சட்டை செய்யவில்லை. பிறகு ஒன்றை விழுங்கினார்.

கண்ணாடியில் வாய் வைத்துக் கிடக்கும் கறுப்பு மீன்தான் தப்பவில்லை. இரண்டு நாளில் செத்து மிதந்தது. அவள் அதற்கு அழுதாள். கிளினிக் மூடியதற்கும் சேர்த்தே அழுதாள் என்று அவள் கணவருக்குத் தோன்றியது.

கொழுந்தன் கிரில்லைப் பற்றவைத்து முன்போலவே மாட்டிக் கொடுத்தான். வீட்டுக்காரர் கொஞ்ச நாள் தன் வீட்டுக் கூரையில் கீறல் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வருகிறவர்களிடம் இப்போது, "மேல ஒரு டன் நிக்குது, தெரியுமா?" என்று அவர்தான் பெருமை அடித்துக்கொண்டார். அவர் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, ஹாலில் கட்டில்மேல் உட்கார்ந்து மீன் பார்த்தார். அடுத்த அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

அக்காவுக்கு வேறு வேலை கிடைத்தது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில், அதே போல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணைக் கூப்பிடுகிற வேலை. அவள் குரல் கேட்ட முதல் நாளே மேலாளர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார். அந்த அறையில் ஒரு பக்கச் சுவர் காலியாகக் கிடந்தது. காத்திருப்பவர்கள் அதையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மேலாளர் ஒருநாள் சொன்னார்.

"இங்க ஒரு மீன் தொட்டி வச்சா நல்லா இருக்கும் இல்லம்மா?"

"தாராளமா வைங்க சார்" என்றாள் அவள். "ஆனா பாத்துக்க வேற ஆளப் பாருங்க. எனக்கு வீட்டுல ஒண்ணு இருக்கு." சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.